சுமையில்லாத லொறிகள்

எங்கள் சந்தியிலுள்ள தளபாடக் கடையில் சட்டமிட்ட படமொன்று நெடுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு பழைய சிறு லொறி. உருண்டு திரண்ட மட்கார்ட்டுகள், இரு விழிகளைப் போல ஹெட்லைட்டுகள், துருவேறிய பொனட். பின்னால் மரத்தாலான களஞ்சியமொன்று. அதற்கப்பால் மாலை வெயில் விழுந்த புல்வெளி. இதே படத்தையோ இதன் சகோதரப் படங்களையோ நீங்களும் கலண்டர்களிலும் சுவர்க் கடிகாரங்களிலும் சாப்பாட்டு மேசை விரிப்புகளிலும் கண்டிருப்பீர்கள். உப்புக் காற்று வீசும் எங்கள் புத்தளம் பகுதியில் அப்படியொரு களஞ்சியத்தையோ புல்வெளியையோ எவரும் கண்டதில்லை. ஆயினும் அந்தப் படத்தின் முன்னால் நின்று, "அந்தக் காலம் எப்படி இருந்தது!" என்று பெருமூச்சு விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் நடந்த சித்திரப் போட்டிக்கு 'எங்கள் ஊர்' என்ற தலைப்பைக் கொடுத்தோம். ஒரு மாணவன் அந்தத் தளபாடக் கடைப் படத்தை அப்படியே மனதில் வாங்கி, களஞ்சியத்துக்குப் பதிலாக ஒரு கிடுகு வீட்டையும் பக்கத்தில் இரண்டு தென்னைகளையும் போட்டு வரைந்திருந்தான். வர்ணம் சுத்தமாக இருந்தது. தூரமும் கிட்டமும் சரியாக விழுந்திருந்தன. முதற்பரிசை அவனுக்குக் கொடுத்தேன். அதே போட்டியில் ஒரு மாணவியும் லொறியொன்றை வரைந்திருந்தாள். அவளுடைய படத்துக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு பிழையானது என்பது என் இன்றைய துணிபு. ஏன் பிழை என்பதை எனக்கே விளங்கப்படுத்திக்கொள்ளும் முயற்சிதான் இக்கட்டுரை.

1

முதலில் அந்தச் சிவப்பு லொறியைப் பற்றி. அது அமெரிக்க நாட்டுப்புறத்தின் லொறி. 'பிக்கப்' என்று நாம் சொல்லும் சிறு லொறியை ஃபோர்ட் கம்பனி தனது 'மொடல் டி' வாகனத்தில் 1925இல் தொழிற்சாலையிலேயே பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் விலை அன்று 281 டொலர். இன்று ஓவியர்கள் அதிகம் விரும்பி வரைபவை அதற்கும் பிந்தியவை: 1947 முதல் 1955 வரை வந்த உருண்டை முகத்துச் செவர்லட் லொறிகள், 1948இல் வெளிவந்த ஃபோர்டின் 'எஃப்' வரிசை லொறிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, கையில் கொஞ்சம் காசு புழங்கிய காலத்து வாகனங்கள் இவை. அந்த வளைவுகளில் ஒரு நிம்மதி இருக்கிறது. முன்பக்கத்தைப் பார்த்தால் மனித முகம் போலவே தெரிகிறது. ஓவியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இவ்வகை ஓவியங்களைத் தொழில்திறன் அற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. துருவை வரைவது இலகுவான காரியமல்ல. சிவப்பின் மேல் செம்மண் நிறத்தையும் கருங்கபிலத்தையும் மெல்லிய படலங்களாக ஏற்ற வேண்டும். ஈரம் குறைந்த தூரிகையால் உரசி, இரும்பின் சொரசொரப்பைக் கொண்டுவர வேண்டும். நீர்வர்ணத்தில் வரைபவர்கள் ஈரமான வர்ணத்தின் மேல் உப்புக் கற்களைத் தூவுவார்கள். உப்பு நீரை உறிஞ்சும்; காய்ந்த பின் தட்டிவிட்டால் துருப் பொரிந்தது போன்ற புள்ளிகள் விழுந்திருக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில் வாழும் என் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டியபோது அவர்கள் அடைந்த குதூகலம் சொல்லுந்தரமன்று.

ஆகவே குறை கைத்திறனில் இல்லை. எதை வரைகிறார்கள் என்பதைவிட எதை வரையாமல் விடுகிறார்கள் என்று பார்க்கும்போதே விடயம் வெளிக்கிறது. இவ்வகைப் படங்கள் பத்தை எடுத்து முன்கண்ணாடியைக் கவனியுங்கள். பெரும்பாலானவற்றில் சாரதி இல்லை. கண்ணாடியில் வானம் மட்டும் தெரியும். பின்தட்டைப் பாருங்கள்; ஒன்றில் காலியாக இருக்கும், அல்லது ஒரு நத்தார் மரமோ நான்கைந்து பூசணிக்காயோ ஒரு கூடைப் பூவோ இருக்கும். உரமூட்டை இல்லை, விறகு இல்லை, விற்க முடியாமல் திருப்பிக் கொண்டுவந்த விளைச்சல் இல்லை, கிளீனர் பையன் இல்லை. தவணைப் பணம் கட்டாததால் பறித்துச் செல்ல வந்தவனும் இல்லை. சுமப்பதற்காகவே பிறந்த ஒரு பொருளைச் சுமையிலிருந்து விடுவித்து அழகுபார்க்கிறது இந்த ஓவியம்.

2

பழையதை நினைத்து ஏங்குவது பிழையா? இல்லை. ஏக்கம் இல்லாத இலக்கியம் எங்கும் இல்லை. 'நொஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688இல் உருவாக்கியவர் யொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். வீடு திரும்பல், வலி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். ஊரை விட்டுத் தூரத்தில் இருந்த சுவிஸ் நாட்டவர்களைப் பீடித்த ஒரு நோய்க்கே அவர் அப்படிப் பெயரிட்டார். எங்கள் ஈழத்துத் தமிழில் 'நனவிடை தோய்தல்' என்ற அழகான தொடர் இதற்குண்டு. எஸ்.பொ. தனது நினைவு நூலுக்கு வைத்த பெயர் அது. இரண்டு சொற்களுக்குமிடையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழ்த் தொடரில் தோய்தலின் சுகம் இருக்கிறது. கிரேக்கச் சொல்லில் வலியும் இருக்கிறது. அந்த வலியைக் கழித்துவிட்டுச் சுகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே கலண்டர் ஓவியத்தின் தொழில்.

இதில் இன்னொரு பொய்யும் கலந்திருக்கிறது. பழைய லொறியைக் கிராமத்தின் குறியீடாக இப்படங்கள் காட்டுகின்றன. உண்மையில் அந்த இயந்திரமும் அதன் கூடப்பிறந்த உழவு மெசினும் வந்த பின்னரே பழைய கிராமம் கலையத் தொடங்கியது. குதிரையையும் கோவேறு கழுதையையும் வேலையிலிருந்து நிறுத்தியவை இவைதான். குத்தகைக்கு நிலம் செய்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் வேலையை ஒரு உழவு மெசின் விழுங்கியது. இங்கும் மாட்டு வண்டியின் இடத்தை லொறி எடுத்துக்கொண்டபோது வண்டிக்காரனின் பிழைப்புப் போனது. வண்டிக்காரனுக்கு எமனாக வந்தது, அவனுடைய பேரனுக்குக் கிராமத்தின் நினைவுச் சின்னமாகிவிட்டது.

3

இதே அமெரிக்க நாட்டுப்புறத்தை, இதே காலத்து லொறியை, வேறு கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. மூவரைச் சொல்கிறேன்.

முதலாமவர் கிராண்ட் வூட். அயோவா மாநிலத்துக்காரர். கையில் வைக்கோல் முள்ளுடன் நிற்கும் கிழவரும் பக்கத்தில் ஒரு பெண்ணுமாக அவர் 1930இல் வரைந்த 'அமெரிக்கன் கொதிக்' உலகப் புகழ்பெற்றது. கிராமத்தை மெழுகிப் பூசி அழகுபடுத்தியவர் என்று அவரைக் குறைசொல்வோருமுண்டு. ஆனால் 1935இல் அவர் வரைந்த 'டெத் ஒன் த ரிட்ஜ் ரோட்' என்ற ஓவியத்தைப் பாருங்கள். அச்சுப் பிரதியாகவே நான் பார்த்திருக்கிறேன். மூலம் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு சிவப்பு லொறி வருகிறது, பச்சைப் புல்வெளியும் இருக்கிறது. ஆனால் லொறி நிற்கவில்லை. மேட்டின் உச்சியைத் தாண்டி எங்கள் மேல் பாய்கிறது. கீழிருந்து ஒரு நீண்ட கறுப்புக் கார், முன்னால் போகும் சிறு காரை முந்திக்கொண்டு, வீதியின் குறுக்காக மேலேறுகிறது. இன்னும் ஒரு விநாடியில் மோதல். தந்திக் கம்பங்கள் சிலுவைகளைப் போலச் சாய்ந்து நிற்கின்றன, வானத்தில் கருமுகில். கலண்டர் ஓவியருக்குக் கிடைத்த அதே பொருட்கள்தான் வூட்டுக்கும் கிடைத்தன. கிராமத்துக்குள் வேகமும் பணமும் நுழைந்தபோது எந்த முனையில் மரணம் காத்து நின்றது என்பதை அவற்றைக் கொண்டே அவர் வரைந்தார்.

இரண்டாமவர் ஜோன் ஸ்ரைன்பெக். அவரது 'த கிரேப்ஸ் ஒஃப் ராத்' நாவல் 1939இல் வெளிவந்தது. அடுத்த வருடமே ஜோன் ஃபோர்ட் அதைத் திரைப்படமாக்கினார். புழுதிப் புயலும் கடனும் உழவு மெசினும் சேர்ந்து நிலத்திலிருந்து துரத்திய ஜோட் குடும்பத்தின் கதை அது. பழைய ஹட்சன் காரொன்றின் கூரையை வெட்டிப் பின்தட்டுப் பூட்டி லொறியாக்குகிறார்கள். ஊரில் சமயம் போதித்துவந்த ஒருவரையும் சேர்த்து 13 பேர் அதில் ஏறி ஒக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறார்கள். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அவர்கள் தெரிவுசெய்யும் பகுதி என்னை நெடுநாள் விடவில்லை. தாய் ஒரு சிறு பெட்டியைத் திறந்து கடிதங்களையும் படங்களையும் பார்க்கிறாள். இரண்டொரு நகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிகுதியை நெருப்பில் போடுகிறாள். அந்த நெருப்பில் எரிவதுதான் உண்மையான நனவிடை. வழியில் பாட்டன் மௌத்தாகிறார். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டியும் மௌத்தாகிறாள். வண்டியை நிறுத்தினால் குடும்பம் கரைசேராது என்பதால் விடியும்வரை எவருக்கும் சொல்லாமல் மையித்தின் பக்கத்திலேயே தாய் படுத்திருக்கிறாள். அந்த லொறி அவ்விரவில் சந்தூக்காகவும் இருந்தது. ஸ்ரைன்பெக்கின் லொறிக்குத் துருவும் உண்டு, உருண்டை ஹெட்லைட்டும் உண்டு. ஆனால் அதை யாரும் சட்டமிட்டுத் தளபாடக் கடையில் தொங்கவிடமாட்டார்கள்.

மூன்றாமவர் டொரோதியா லாங். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமொன்றில் அவர் எடுத்த தாயின் புகைப்படம் எல்லோரும் அறிந்தது. மெத்தைகளையும் பாத்திரங்களையும் கட்டி ஏற்றி வீதியோரம் நின்ற குடும்பங்களின் வாகனங்களையும் அவர் படமெடுத்தார். அவற்றில் பலவற்றில் வாகனம் தனியாக இல்லை. யாரோ ஒருவர் அதன் பக்கத்தில் இருக்கிறார்.

இம்மூவருக்கும் கலண்டர் ஓவியருக்கும் உள்ள வேறுபாடு சோகமும் மகிழ்ச்சியும் அல்ல. சோகமாக வரைந்தால் மட்டும் கலையாகிவிடாது. லொறி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யாரைச் சுமக்கிறது என்ற கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. அவ்வளவுதான்.

4

மகிழ்ச்சியாகவும் உண்மையாகவும் இருக்கலாம் என்பதற்கு பாகிஸ்தான் நாட்டு லொறிகள் சாட்சி. அங்கு லொறிதான் ஓவியத்தின் துணி. இங்கிலாந்தில் தயாரான பெட்ஃபோர்ட் லொறிகள், குறிப்பாக 'ரொக்கெட்' என்று அந்நாட்டுச் சாரதிகள் செல்லமாக அழைத்த மொடல், அக்கலைக்கு உடல் கொடுத்தன. பெட்ஃபோர்ட்டின் கனரக லொறித் தயாரிப்பை அதன் உரிமைக் கம்பனி 1986இல் கைவிட்ட பின்னரும் அவை அங்கு நெடுங்காலம் ஓடின. சாரதியின் தலைக்கு மேலே 'தாஜ்' எனப்படும் கிரீடம். அதில் அல்லாஹ்வின் திருநாமமும் நபிகளாரின் திருநாமமும். கஃபதுல்லாஹ்வும் மதீனாப் பள்ளியும். பக்கங்களில் மயில், கௌதாரி, சிங்கம். 'சமக் பட்டி' என்ற மினுங்கும் தாளை வெட்டி ஒட்டிய பூவேலைகள். பம்பரில் வரிசையாகத் தொங்கும் சங்கிலிகள். கண்ணூறு படாமலிருக்கக் கறுப்புத் துணி. பின்கதவில் பெரும்பாலும் ஒரு நிலக்காட்சி: பனிமலை, ஓடை, ஓடைக்கரையில் ஒரு சிறு வீடு.

அந்தச் சிறு வீட்டைக் கவனிக்க வேண்டும். அதுவும் கிராமத்தை நினைத்து ஏங்கும் படம்தான், அதிலும் ஆளில்லை. ஆனால் அதைச் சுமந்து செல்பவன் வாரக்கணக்கில் வீட்டைக் காணாத ஒரு சாரதி. அதன் கதவுக்குள்ளே சீமெந்தோ கோதுமையோ இருக்கிறது. ஏக்கம் வெளியே, சுமை உள்ளே. இரண்டும் ஒரே அச்சில் உருள்கின்றன. ஆகவே அந்தப் படம் பொய்யாவதில்லை. கராச்சியைச் சேர்ந்த ஹைதர் அலி என்ற ஓவியர் 2002இல் அமெரிக்கத் தலைநகரில் ஸ்மித்சோனியன் நாட்டார் விழாவில் ஒரு லொறிக்கு வர்ணம் தீட்டிக் காட்டிய பின்னர் இக்கலையின் புகழ் மேலும் பரவியது. புகழோடு வியாபாரமும் வந்தது. இன்று அதே மயிலும் பூவும் தேநீர்க் கோப்பையிலும் தட்டிலும் கைப்பையிலும் விற்கப்படுகின்றன. கைவினைஞர்களுக்கு வருமானம் வருவதை நான் குறைசொல்லேன். ஆனால் கோப்பையில் ஏறிய மயிலுக்குச் சாரதியும் இல்லை, சரக்கும் இல்லை. சுமை கழன்ற இடத்தில் கலை அலங்காரமாகிவிடுகிறது என்பதையே இதுவும் காட்டுகிறது.

5

இனி எங்களிடம் வருவோம். எங்கள் கவிதைகளிலும் சிறுகதைகளிலும் சிவப்பு லொறி இல்லாமலிருக்கலாம். ஆனால் குப்பி விளக்கு இருக்கிறது. கிடுகு வேலி இருக்கிறது. உம்மும்மாவின் பாக்குரல் இருக்கிறது. நோன்பு காலத்து றபான் சத்தம் இருக்கிறது. இவற்றை அடுக்கிவிட்டாலே மண்வாசனை வந்துவிடும் என்று நம்புகிறோம். அந்தக் குப்பி விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசு இருந்ததா, பாக்குரலின் பக்கத்தில் இருந்த உம்மும்மா எத்தனை வயதில் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டாள் என்று நாம் கேட்பதில்லை. சாரதியில்லாத லொறியும் வறுமையில்லாத குப்பி விளக்கும் ஒரே வகைப் படங்கள்தான். இச்சஞ்சிகை உட்பட எமது பக்கங்களில் இவ்வாறான ஆக்கங்கள் நிறைய வந்துள்ளன. நானும் எழுதியவன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அந்த மாணவியின் படத்துக்கு வருகிறேன். அவளுடைய லொறிக்குப் பின்னால் வீடும் இல்லை, தென்னையும் இல்லை. தாளின் நான்கு மூலைகளையும் லொறியே அடைத்திருந்தது. பின்தட்டில் ஆட்கள், நெருக்கமாக, தலைக்கு மேல் தலையாக. பெண்கள் முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஒரு கிழவியின் கையில் வெறுமையான கேத்தல் ஒன்று. தாளின் பின்புறத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு: "வெளி போதாது. தலைப்புக்குப் பொருத்தமில்லை." ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த சித்திர விதிகளின்படி அது சரியான குறிப்பே.

போட்டி முடிந்த பின் அவளை அழைத்து, "பிள்ள, தலைப்பு 'எங்கள் ஊர்'தானே, ஊர் எங்கே?" என்று கேட்டேன். "இதுதான் சேர், உம்மும்மா ஊரிலிருந்து வந்தது" என்றாள். "இத்தனை பேர் வாறாங்க, சாமான் சக்கட்டு ஒண்டும் இல்லையே?" என்றேன். "கொண்டு வர விடல்ல சேர்" என்று சொல்லிவிட்டு அவள் நிலத்தைப் பார்த்தாள்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர், ஆயுத முனையில், சில நாட்களுக்குள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வாசகர்கள் அறிந்த வரலாறு. மன்னாரிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீதியால் வழமையாக உப்பு மூட்டையும் தேங்காயும் ஏற்றிச்செல்லும் லொறிகள் அன்று மனிதர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. பள்ளிவாசல் முன்னால் அவர்கள் இறங்கியபோது உடுப்புகளில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. பலகையில் ஒட்டியிருந்த உப்பு. எங்கள் உம்மா கொடுத்த தேத்தண்ணியை ஒருவர் வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்தபடியே நின்றார். ஜோட் குடும்பத்துக்குத் தெரிவுசெய்யவும் எரிக்கவும் ஒரு பெட்டியாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

வந்தவர்களை நாங்கள் வரவேற்றோம். சோறு கொடுத்தோம், இடம் கொடுத்தோம். அதுவும் உண்மை. வருடங்கள் போகப் போக, தண்ணீரிலும் தொழிலிலும் பாடசாலை இடங்களிலும் நெருக்கடி வந்தபோது, அவர்களை 'அகதி' என்று விளித்தோம். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் அப்படியே விளித்தோம். அதுவும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை எங்கள் ஊர் எழுத்தாளர்களின் கதைகளில் மிக அரிதாகவே வந்திருக்கிறது. அவள் படத்தில் நான் 'வெளி போதாது' என்று எழுதியபோது என் கையில் இருந்தது சித்திர விதி மட்டும்தானா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தான் காணாத ஊரை அவள் வரைய வேண்டியிருந்தது. தளபாடக் கடைப் படம் அவளுக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. உம்மும்மாவின் வாயிலிருந்து கேட்டதை வரைந்தாள். ஊரைப் பற்றி அவளுக்குக் கையளிக்கப்பட்டது அந்தப் பிரயாணம் மட்டுமே. முதற்பரிசு பெற்ற மாணவனையும் நான் குறைசொல்லவில்லை. அவனுடைய கையில் திறமை இருக்கிறது. அவனுக்குக் கலண்டரைத் தவிர வேறு படம் காட்டாதது என் குறை.

பழைய லொறியை வரையுங்கள், பழைய கிராமத்தை எழுதுங்கள். துருவின் அழகை யாரும் மறுப்பதற்கில்லை. வரைந்து முடித்ததும் தூரிகையைக் கழுவுவதற்கு முன்னர், பின்தட்டில் என்ன இருக்கிறது, முன்கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். இப்போது வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி இதுதான். கிராண்ட் வூட்டின் படத்தையும் பெட்ஃபோர்ட் லொறியின் பின்கதவையும் காட்டிவிட்டு, "உங்கள் வீட்டார் ஏறிய ஒரு வாகனத்தை, அதன் சுமையோடு வரையுங்கள்" என்கிறேன். மீன் பெட்டி ஏற்றிய லொறி வருகிறது. மையித்து ஏற்றிய வேன் வருகிறது. கல்யாணச் சாமான் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் வருகிறது. வர்ணம் கலங்கியும் கோடு கோணியும்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றைப் போல மற்றொன்று இல்லை.

அந்த மாணவி இப்போது பாடசாலையை விட்டு விலகிவிட்டாள். அவளுடைய படம் என் மேசை லாச்சியில் இருக்கிறது. பின்புறத்தில் நான் எழுதிய பென்சில் குறிப்பை அழித்துவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அழிக்கவில்லை. அதுவும் அந்தப் படத்தின் சுமையில் ஒரு பகுதிதான்.